பிஸ்மத்தின் பங்கு

குறையும்னு எனக்குத் தெரியும், ரெண்டு மாசமாவே தெரியும், யார்கிட்டயும் சொல்லலை. இந்தச் சொற்களைத்தான் சொன்னார், ஒன்று கூட நான் சேர்க்கவில்லை. குடிநீர் எந்திரத்துக்குப் பின்னால் சுவரோரமாக நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னார் ஜெபமணி சார். இந்தப் பக்கம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் குழாயை மூடினேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றதும் அவர் பேச்சும் நின்றது. எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அப்புறம் கூப்பிடறேன் என்று போனை வைத்துவிட்டார். சிரித்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருப்பார். போன திங்கட்கிழமை நடந்தது இது. இன்றைக்குத்தான் பெட்டியைத் திறக்கிறோம், அதாவது ஆராய்ச்சியின் விடையைப் பார்க்கிறோம். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி ஜன்னலோரம் கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டேன், இடது பக்கம், வெயில் பக்கம். மற்ற பெண்களெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். முழங்கையில் விழும் இந்தச் சூடு பழைய சரக்கு, சூரியனின் வயிற்றில் பிறந்து வெளியே வர வழி தெரியாமல் ஆயிரமாயிரம் வருஷம் முட்டி மோதி வாய் மாறி வாய் மாறி வந்த வதந்தி. அதே வயிற்றில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகள் அப்படியில்லை. பிறந்த எட்டு நிமிஷத்தில் எதிலும் முட்டாமல் நேரே வந்து என் கையையும் இந்த ரயில் பெட்டியையும் கீழே ஓடுகிற பக்கிங்காம் கால்வாயையும் பூமியையும் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். ஒளிமறைவில்லாத ஒரே சாட்சி. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் சாட்சி வாய் திறப்பதில்லையே. கோடிகோடியாக வந்து போகிறது, ஒன்றிரண்டு தடுக்கி விழுகிறது, விழுந்ததை வைத்துப் போனதைக் கணக்கிட வேண்டும். அதைக் கணக்கிடுவது மனிதர்கள். நானும் ஜெபமணி சாரும்.

பத்தொன்பது வருஷம் அடுத்தடுத்த அறை. நாகர்கோவில்காரர், இந்த ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார், எல்லாரும் என்னை அங்கை என்றோ மேடம் என்றோ கூப்பிடும்போது அங்கயற்கண்ணி என்று முழுதாகக் கூப்பிடுகிற ஒரே ஆள். நியூட்ரினோ பிடிக்கும் எங்கள் தொட்டி இங்கே இல்லை, கடல் தாண்டி ஒரு மலைக்குள் இருக்கிறது. நைலான் பந்து நிறைய எண்ணெய், சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் கண்கள். சூரியனிலிருந்து வந்தது எண்ணெயில் இடறினால் மினுக்கென்று ஒரு வெளிச்சம். சிக்கல் என்னவென்றால் சூரியன் மட்டும் மினுக்குவதில்லை. எண்ணெயில் ஒட்டியிருக்கிற அழுக்கும் மினுக்கும். அதில் பெரிய வேஷக்காரன் பிஸ்மத் என்ற கதிரியக்க உலோகம். நாங்கள் தேடுகிற நியூட்ரினோ, சூரியனில் கரியும் நைட்ரஜனும் சேர்ந்து சமைக்கும் சமையலில் வருவது, எப்படி மினுக்குமோ அப்படியே அச்சாக பிஸ்மத்தும் மினுக்கும். பார்த்துப் பிரிக்க முடியாது. மொத்தத்தில் பிஸ்மத்தின் பங்கு இவ்வளவு என்று தனியாக மதிப்பிட்டு அதைக் கழித்தால் மிச்சம் சூரியனுடையது. அவ்வளவுதான் விஷயம். பிஸ்மத்துக்கு அதிகம் கொடுத்தால் சூரியன் குறையும், குறைவாகக் கொடுத்தால் சூரியன் கூடும். நகத்தின் அகலத்தில் நொடிக்கு ஐம்பது கோடி என்கிறது ஒரு கட்சி, முப்பத்தைந்துக்குப் பக்கம் என்கிறது இன்னொரு கட்சி. குறைவு என்ற கட்சியில் ஜெபமணி சார் இளம் வயதிலிருந்தே இருக்கிறார், அவர் பெயரைச் சொன்னால் ஊர் ஊராக நினைவுக்கு வருகிற கட்டுரை அதுதான். இப்படி ஆசையோடு எண்ணுகிறவன் கை தன்னையறியாமல் தராசில் அழுந்தும் என்பதால்தான் மறைப்பு எண் என்ற ஏற்பாடு. கூட்டுக்குழுத் தலைவி ஹானா ப்ராகில் உட்கார்ந்து ஒரு எண்ணை மனசில் நினைத்துத் தரவு முழுவதையும் அதால் பெருக்கி எங்களுக்குக் கொடுத்துவிடுவாள். எங்களுக்கு வரும் விடை உண்மை விடை அல்ல. எல்லாரும் வேலையை முடித்து, இனி எதையும் தொடமாட்டோம் என்று சொன்ன பிறகு அந்த எண்ணை எடுப்பாள். உண்மை அப்போதுதான் தெரியும். அதுவரை கூடுமா குறையுமா என்று யாருக்கும் தெரியக் கூடாது, தெரிய வழியே இல்லை. குறையும்னு எனக்குத் தெரியும், ரெண்டு மாசமாவே தெரியும்.

கலங்கரை விளக்கம் நிலையத்தில் ரயில் நிற்கிறது. இவ்வளவு பெரிய கட்டடம், இவ்வளவு தூண், இறங்குவது நாலு பேர். ரெண்டு மாசம் என்றால் டிசம்பர். டிசம்பரில் ஹானா சென்னைக்கு வந்தாள். ஜெபமணி சார் வீட்டில் சாப்பாடு, அவர் மனைவி சுகிர்தா அக்கா வஞ்சிரம் வறுத்து நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார்கள், ஹானா முள் எடுக்கத் தெரியாமல் சிரித்தாள். நான் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். தலைவலி என்று சொன்னேன், தலைவலிதான். நான் கிளம்பிய பிறகு என்ன பேசினார்கள். ஹானா சொல்பவள் இல்லை. சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஒருவன் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லும்போது அவள் புருவம் அசைந்தால் போதுமே. சேச்சே. இது கேவலமான நினைப்பு. ஆனால் கேவலமான நினைப்பு என்பதாலேயே அது பொய்யாகிவிடுமா. மூன்று வாரத்துக்கு முன் பிஸ்மத்தின் பங்கைக் கொஞ்சம் கூட்டலாம் என்று சொன்னவர் யார், அவர்தான். காரணமும் சொன்னார். மலைக்குள் குளிர்காலத்தில் வெப்பம் மாறும்போது எண்ணெய் மெல்லப் புரளுகிறது, புரளும்போது பந்தின் தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கு உள்ளே வருகிறது, அதை நாம் சரியாகச் சேர்க்கவில்லை என்றார். நல்ல காரணம். நானே தலையாட்டினேன். நல்ல காரணங்களைத்தான் நம்பக் கூடாது. தவறான காரணத்தை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். போன முறை, ஆறு வருஷத்துக்கு முன் வேறொரு பெட்டியைத் திறந்தபோது, இதே ஜெபமணி சார் கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பதற்றம். இந்த முறை பதற்றமே இல்லை. காப்பியை நிறுத்திவிட்டார். உப்பில்லாமல் சாப்பிடுகிறார். சாயங்காலம் வளாகத்தைச் சுற்றி நடக்கிறார், நடக்கும்போது சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு முணுமுணுக்கிறார். வியாழக்கிழமை வருவதில்லை, சொந்த வேலை என்கிறார், என்ன வேலை என்று சொல்வதில்லை. முடிவு தெரிந்துவிட்ட மனிதனின் அமைதி அது. தெரியாத ஒருவன் இப்படி இருக்க முடியாது. என்னால் இருக்க முடியவில்லையே, நான் நேற்று ரசத்தில் இரண்டு தரம் புளி கரைத்து ஊற்றினேன்.

முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை. எதிரே ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள், மடியில் டிபன் பை. எழுப்ப வேண்டுமோ, எங்கே இறங்குவாளோ. அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், மதுரை கோட்டம். வேலை முடிந்து வந்தாலும் வேலை முடியாது அவருக்கு. எங்கே போயிருந்தே என்று அம்மாவைக் கேட்பார், மத்தியானம் கேட்டதைச் சாயங்காலம் வேறு மாதிரி திருப்பிக் கேட்பார். அம்மா இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறாய் என்பார், கொஞ்சம் மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொண்டாய் என்பார். கடைசியில் அம்மா பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்றுதான் மனிதர்களை விட்டுவிட்டு எண்களைச் சந்தேகப்படும் தொழிலுக்கு வந்தேன். இங்கே சந்தேகம் குணக்கேடு இல்லை, கடமை. ஒரு புள்ளி கோட்டோடு ஒட்டி நின்றால் ஏன் ஒட்டுகிறது என்று கேட்க வேண்டும், விலகி நின்றால் ஏன் விலகுகிறது என்று கேட்க வேண்டும். சம்பளமே அதற்குத்தான். அப்படியானால் இதையும் கேட்பதுதானே நியாயம். அவரிடமே கேட்கலாம். சார், திங்கட்கிழமை போனில் என்ன பேசினீர்கள். கேட்டால் சொல்வார். ஏதோ ஒன்று சொல்வார். அது உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும். கேட்டதால் உஷாராகிவிடுவார், அவ்வளவுதான். கேட்பதில் பயனில்லை. கேட்காமலிருந்தால் நாளைக்கு யாராவது கண்டுபிடித்து, கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக இருக்க, பக்கத்து அறையில் இருந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்பார்கள். பயம் இதுதானா, சூரியன் இல்லையா. சூரியனும்தான். முப்பத்தைந்து என்று பொய்யாக ஊரெல்லாம் எழுதிவிட்டால் சூரியன் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை, ஆனால் அடுத்து எண்ணுகிறவன் முப்பத்தைந்தைத் தேடுவான், தேடினால் கிடைத்துவிடும்.

மந்தைவெளிக்கும் பசுமைவழிச் சாலைக்கும் நடுவில் போனை எடுத்தேன். ஹானாவுக்கு எழுதினேன். மறைப்பு எண் யாருக்காவது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும். பிஸ்மத்தின் பங்கு மூன்று வாரத்துக்கு முன் மாற்றப்பட்டது, மாற்றுவதற்கு முந்தைய மதிப்பையும் வைத்து, மாற்றிய மதிப்பையும் வைத்து, இரண்டு விதமாகவும் எல்லார் முன்னிலையிலும் திறக்க வேண்டும். பெயர் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை, மாற்றியது யார் என்று ஹானாவுக்குத் தெரியும். நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தேன். கோட்டூர்புரத்தில் அடையாற்றின் மேல் போகும்போது சிக்னல் போய்விட்டது. போகட்டும், இது அனுப்பக் கூடாது என்பதற்கு அடையாளம் என்று நினைத்தேன். அடையாளமாம். கஸ்தூரிபாய் நகரில் ரயில் நின்றதும் தானாகப் போய்விட்டது. தூங்கிய பெண் திடுக்கிட்டு எழுந்து ஓடி இறங்கினாள். அவளை எழுப்பாதது நல்லதாகப் போயிற்று, அல்லது அவள் தவறான இடத்தில் இறங்கிவிட்டாளோ.

தரமணியில் இறங்கி நடக்கையில் ஹானாவின் பதில் வந்தது. ஒரே வரி, செய்கிறேன். ஏன் ஒரே வரி. கோபமா, அவளுக்கும் சந்தேகம் இருந்ததா, அவளே மாட்டிக்கொண்டாளா. வாசலில் ஜெபமணி சார் காவலாளியின் மகளுக்குப் பிரசவம் எப்படி ஆயிற்று என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு நின்றார். வெள்ளை அரைக்கைச் சட்டை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. சாப்பிட்டாச்சா அங்கயற்கண்ணி என்றார். ஆச்சு என்றேன். சாப்பிடவில்லை. இந்தச் சின்னப் பொய் இவ்வளவு சுளுவாக வருகிறதே, இதே சுளுவில் அவருக்கும் வராதா என்று நினைத்துக்கொண்டே அவரோடு படியேறினேன். கூட்ட அறையில் ஏசி ஓடியது. திரையில் ப்ராக், மலைக்குள்ளிருக்கும் கூடத்திலிருந்து இரண்டு முகங்கள், இன்னும் சில சின்னச் சதுரங்கள். நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்தோம், எப்போதும் போல. ஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாள், நம்மில் ஒருவர் மறைப்பு எண் கசிந்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறார், சரிபார்த்தேன், அது என்னைத் தவிர யாரிடமும் இல்லை, ஆனாலும் அவர் கேட்டபடி பிஸ்மத்தின் பழைய பங்கோடும் புதிய பங்கோடும் இரண்டு விதமாகத் திறக்கப்போகிறோம். திரையிலிருந்த முகங்கள் எங்கள் சதுரத்தைப் பார்ப்பது போலிருந்தது, திரையில் யார் எங்கே பார்க்கிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும். ஜெபமணி சார் மேஜை மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை மட்டும் பார்த்தேன். ஏன் எடுத்தார். குளிராகவும் இருக்கலாம், ஏசி நேரே அவர் மேல்தான் விழுந்தது.

ஹானா எண்ணை எடுத்தாள். புதிய பங்கோடு ஐம்பத்திரண்டு கோடி. பழைய பங்கோடு ஐம்பத்து மூன்று. பிழைக்கான இடைவெளியோ இரண்டிலும் பத்துக்கு மேல். யாரோ கை தட்டினார்கள், மலைக்குள்ளிருந்து ஒருவன் விசிலடித்தான். சூரியன் குறையவில்லை. அவர் கூட்டிய பிஸ்மத் ஒரே ஒரு கோடியைத்தான் தின்றிருந்தது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இருபத்தைந்து வருஷமாகக் குறைவு என்று சொன்ன மனிதர், தன் வாழ்நாளின் கட்டுரை சரிந்து கிடக்கிற திரையைப் பார்த்துக்கொண்டு முதலில் கை தட்டியவர்களில் ஒருவராக இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா முடிவதற்குள்ளேயே அடுத்தது வந்து நின்றது. எண் தெரிந்து, கீழே இழுக்கப் பார்த்து, இழுக்க முடியாமல் போயிருக்கலாமே. இவ்வளவுக்கு மேல் கூட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று நிறுத்தியிருக்கலாமே. ஆனால் எண் ஹானாவைத் தவிர யாரிடமும் இல்லை என்கிறாளே. ஹானா சொல்கிறாள், ஹானா சொல்கிறாள். குறையும்னு எனக்குத் தெரியும் என்றால் எது குறையும். குறையவில்லையே. எது.

எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். பின்னாலேயே போனேன். வேப்பமரத்து நிழல் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. தோத்துப்போனேன் பாத்தீங்களா என்று சிரித்தார். பிறகு, யாரோ நம்ம ரெண்டு பேரையும் சந்தேகப்பட்டிருக்காங்க, ஐரோப்பாக் குழுவா இருக்கும், மனசுல வச்சுக்காதீங்க, கேட்டது சரிதான், கேக்க வேண்டியதுதான் என்றார். நம்ம ரெண்டு பேரையும் என்றார். அதில் என்னையும் சேர்த்தார். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன், இது முடியட்டும்னு இருந்தேன் என்று ஆரம்பித்தார். சுகிர்தா அக்காவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டிசம்பரிலேயே தெரியுமாம். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அதன் வேலை குறைந்துகொண்டே வருகிறது. இவரே ஒன்றைக் கொடுக்கப்போகிறார். பரிசோதனையெல்லாம் வேலூரில், உப்பைக் குறை, எடையைக் குறை என்று அவருக்கே ஆயிரம் கட்டளை. முடிவு பண்ணின அன்னைக்கே பயம் போயிடுச்சு அங்கயற்கண்ணி, சூரியன் கூடினா என்ன, குறைஞ்சா என்ன என்றார்.

நான் அழுதிருக்க வேண்டும். குறைந்தது அவர் தோளைத் தொட்டிருக்க வேண்டும். என் மனசு என்ன செய்தது என்றால், அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்துப் பார்த்தது. திங்கட்கிழமை போனில் பேசியது யாரிடம் என்று கேட்டேன், கேட்ட பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. மகளிடம், கோயம்புத்தூரில் இருக்கிறாள், ரெண்டு மாசமாகச் சொல்லாமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் சொன்னேன், அழுதாள் என்றார். வேலூருக்கு எந்தக் கிழமை போவீர்கள் என்றேன். வியாழன் என்றார். எந்த ரயில், எந்த டாக்டர், ரத்தம் ஒரே குரூப்பா, ஆபரேஷன் என்றைக்கு. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், தடுமாறாமல், விவரமாக. விவரம் கூடக்கூட எனக்குள் ஒரு மூலையில் ஏன் இவ்வளவு விவரம் என்று ஒரு குரல் கேட்டது. அப்பாவின் குரல் அது. அடுத்த கேள்விக்கு வாயெடுத்தபோது அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் என் கையைத் தொட்டவர் இல்லை.

“என் தம்பிகூட இவ்வளவு விசாரிக்கலை,” என்றார். “சரியாயிடும்னு சொல்லிட்டு வச்சிட்டான்.”

அந்தக் கையின் சூட்டை என்னால் தாங்க முடியவில்லை. அவர் நினைத்துக்கொண்டது எதுவோ அதை நான் கொடுக்கவில்லை, கொடுக்காததற்கு நன்றி வாங்கிக்கொண்டு நிற்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம், ஹானா சொல்லமாட்டாள், ஆகஸ்டில் அவர் போய்விடுவார், நாகர்கோவிலில் இருந்து வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரும், அதில் அங்கயற்கண்ணி என்று முழுதாக எழுதியிருப்பார்.

“சார், ஹானாவுக்கு அதை எழுதினது நான்தான்.”

அவர் கையை உடனே எடுத்துவிடவில்லை. எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே சிறிது நேரம் ஆயிற்று போலிருந்தது. எடுத்த பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரிசெய்தார். உள்ளே யாரோ எங்களைக் கூப்பிட்டார்கள், படம் எடுக்க வேண்டுமாம்.

“எப்போ எழுதினீங்க?”

“காலையில. ரயில்ல வரும்போது.”

“அதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது இதைப் பத்திப் பேசினீங்களா?”

“இல்லை சார்.”

கோபமில்லை அவரிடம். கோபமாக இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கண்களை லேசாகச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்தார். மினுக்கியது சூரியனா அழுக்கா என்று திரையின் முன் உட்கார்ந்து தீர்மானிக்கும்போது அப்படித்தான் பார்ப்பார், எத்தனையோ முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், என் பக்கம் அந்தப் பார்வை திரும்பியதில்லை. நான் சொன்னது உண்மைதான், யாரிடமும் பேசவில்லை. ஆனால் அதை அவருக்குக் காட்ட என்னிடம் என் முகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.